இங்கிலீஷில் மட்டும் குறைந்தவர்

இந்த நாட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் அந்த மொழியில் தேய்வதற்கும் வாடுவதற்கும் சுருங்குவதற்கும் வற்றுவதற்கும் உள்ள அத்தனை வார்த்தைகளையும் கரைத்துக் குடித்துவிட்டு, வளர்வதற்கு ஒரே ஒரு வார்த்தையைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை ஆபீசில், எனக்கு எதிர் மேஜையில், ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார்.

அவரை எல்லோரும் டிக்ளைனார் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருக்கிறது. ஒரு தடவை கூரியர்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி யாருமில்லீங்களே" என்று அவரே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் ஞாபகம் வந்து டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கூரியர்காரரைத் துரத்திப் போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய கொள்கை எனக்குத் தெரிந்துவிட்டது. ஷெட்டிலிருந்து வந்த கணக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ரெண்டாம் நம்பர் ஷெட்டுல முட்டை கொறஞ்சு..." என்று ஆரம்பித்தேன். மேஜையைத் தாண்டி ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. கையில் தீவன வாடை. பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"சாமி, அந்த வார்த்தைய இந்த ஆபீசுக்குள்ள எடுக்காத. டிக்ளைன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களேண்ணா?"

"எப்படி ஒண்ணாவும்? மகாலட்சுமிக்குத் தமிழ் தெரியும். இங்கிலீஷ் தெரியாது."

"கான்வென்ட்டுல படிக்கிற புள்ளைங்க எல்லாம் இங்கிலீஷ்ல சாமி கும்புடறாங்களே?"

"அது பரீட்சைக்கு. அது சரஸ்வதி டிபார்ட்மென்ட். நம்முளுது லட்சுமி டிபார்ட்மென்ட்" என்றார். ஒன்பது வருஷத்தில் இந்த வாதத்தை உடைக்க எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இது நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள், 'உப்பு நெறஞ்சிருக்குது' என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார்கள், குளிர வைக்கச் சொல்வார்கள். வளையல் உடைந்தால் 'பெருகிருச்சு'. டிக்ளைனாரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த முறையைத்தான் ஆபீசுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் முட்டை குறைந்தபோது முதலாளியிடம் பக்தியோடு, "முட்டை பெருகிருச்சுங்க" என்று சொல்ல, முதலாளி சந்தோஷப்பட்டு இன்னொரு லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரி வந்து நின்றது. ஏற்ற முட்டை இல்லை. அன்றைக்குத்தான் இவர் இங்கிலீஷுக்கு மாறினார்.

மாறினார் என்றால் சும்மா இல்லை. பி.காம் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை விட்ட மனிதர், பழைய பேப்பர் கடையில் எடைக்கு ஒரு டிக்‌ஷனரி வாங்கி, அதில் மேலே போவதையெல்லாம் தள்ளிவிட்டு, கீழே போவதை மட்டும் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு எந்த வார்த்தை என்பதில் அவ்வளவு கறார். பனியன் ஷ்ரிங்க் ஆகும், கத்தரிக்காய் ஷ்ரிவெல் ஆகும். முதலாளி லட்சுமி படத்துக்குப் போட்ட மல்லிகைச்சரம் சாயங்காலம் விதர் ஆகும். பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரித் தண்ணீர் ரிசீட் ஆகும். காய்ச்சல் சப்சைட், மழை அபேட், ஜெனரேட்டர் டீசல் டிப்ளீட். ஃபிளாஸ்க்கில் டீ டுவின்டில். நான் ஒரு தடவை அவசரத்தில் "டீ ஷ்ரிங்க் ஆயிருச்சுண்ணா" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

வளர்வது எல்லாம் அவருக்குத் தமிழ்தான். ஒரு தடவை தீவனக் கம்பெனியிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் லேப்டாப்போடு வந்தார். தான் அமெரிக்காவில் இருக்கிற மாதிரியே நினைத்துக்கொண்டு, "சார், எங்க புராடக்ட் கிவ்ஸ் குட் குரோத்" என்று தொடங்கினார். டிக்ளைனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, வளர்றத நம்ம பாஷைல சொல்லுங்க."

"ஏன் சார்?"

"இங்கிலீஷ்ல சொன்னா அது இங்கிலாந்துல போய் வளரும்."

அந்தத் தம்பி மீதி ஒரு மணி நேரமும் 'கோழி தளதளன்னு வளரும், முட்டை பெருகும், லாபம் கொழிக்கும்' என்று வேர்க்க விறுவிறுக்கத் தமிழில் பேசி முடித்தார். போகும்போது டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதலாளி ஆறாங்கிளாஸ் வரைக்கும் படித்தவர். அவருக்கு இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் தரம் தெரியும். காலையில் பத்து மணிக்கு வந்ததும் சுவரில் டிக்ளைனார் அன்றைய முட்டை நிலவரத்தை எழுதி வைக்கிற போர்டைப் பார்ப்பார். டிக்ளைன் என்று எழுதியிருந்தால் டீயைக் குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவார். ஸ்லம்ப் என்று எழுதியிருந்தால் டீயைக் குடிக்காமல் போவார். பிளம்மெட் என்று இருந்தால் செருப்பை ஆபீசிலேயே விட்டுவிட்டு ஓடுவார். அவர் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்தே அன்றைய நிலவரத்தை நாங்கள் தெரிந்துகொள்வோம்.

தொற்றுநோய் மாதிரி இது பண்ணை முழுக்கப் பரவிவிட்டது. முட்டை பொறுக்குகிற அக்காக்கள் கூடையை இறக்கும்போதே, "மூணாம் நம்பர்ல தீனி எடுப்பு டுவின்டில்ங்கண்ணா, குஞ்சம்மாளுக்கு இடுப்பு வலி சப்சைட்டுங்க" என்பார்கள். சேலத்திலிருந்து கோழி டாக்டர் ஒருவர் புதிதாக வந்தவர், இதைக் கேட்டு அசந்துபோய், "இங்க கூலி வேலைக்கு எல்லாரும் டிகிரி முடிச்சவங்களா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்ததால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். மத்தியானம் அவர் சம்சாரம் போன் செய்வார். டிக்ளைனாருக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் காதில் விழும் என்பதால் எங்களுக்கும் விழும்.

"பருப்பு டிப்ளீட்டுங்க. எண்ணெய் எப்பிங். அப்புறம் போன வாரம் எடுத்த உங்க பேண்ட்டு ஷ்ரிங்க்குங்க."

"ஒரு தண்ணிகூடப் போடலையே, அதெப்படி ஷ்ரிங்க்கு?"

"அப்ப உங்க இடுப்பு தழைச்சிருக்குது."

அவர் அவசரமாக ஸ்பீக்கரை ஆஃப் செய்வார்.

துக்க வீட்டில்தான் ரொம்பத் தர்மசங்கடம். முதலாளியின் பெரியப்பா போய்ச் சேர்ந்தபோது ஆபீசே கிளம்பிப் போனோம். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்தோம். டிக்ளைனார் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு துடித்தது. தமிழில் சொல்லவும் முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. கடைசியில், "டிமினிஷ்டுங்க... ஹெவிலி டிமினிஷ்டு" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பார்த்து முதலாளியும் அழுதார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அழவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியப்பா அப்படிப்பட்டவர்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, எனக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

அப்போது எனக்கு முப்பத்துநான்கு. எங்கள் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு லேசு என்பது வாசகர்களுக்குத் தெரியும். சொந்தத்தில் பார்த்து, பக்கத்து ஊரில் பார்த்து, ஜாதகம் ஜெராக்ஸ் எடுத்தே எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டாவது மெஷின் வாங்கிவிட்டார். அம்மா சோறு போடும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். சாப்பிடவே பயமாக இருக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம், மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பெண் வீட்டார் அவன் வேலை பார்க்கிற இடத்துக்கு நைசாக வந்து விசாரிப்பார்கள். தாங்கள் யார் என்று சொல்லமாட்டார்கள், ஏதோ சாமான் வாங்க வந்த மாதிரி வருவார்கள். துணிக்கடையில் வேலை செய்கிறவனுக்கு இது பரவாயில்லை. நாங்கள் லாரிக் கணக்கில் முட்டை அனுப்புகிற பண்ணை. அங்கே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ரெண்டு அட்டை முட்டை கேட்கிறவர் ஒன்று வழி தவறி வந்தவராக இருக்க வேண்டும், இல்லை பெண்ணைப் பெற்றவராக இருக்க வேண்டும்.

முதலில் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். பெண்ணுக்குத் தாய்மாமன். போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவர். ஆபீசில் வயதில் மூத்தவர் யாரென்று பார்த்து நேராக டிக்ளைனாரிடம் போய் உட்கார்ந்தார். நான் அன்று லீவு. நடந்ததை அக்காக்கள் சொல்லித்தான் தெரியும். பையன் எப்படி என்று அவர் கேட்க, டிக்ளைனார் என்னைப் பற்றி வாயாரப் புகழ்ந்திருக்கிறார், தமிழில். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேனுங்க, தம்பிக்கு ரிசீடிங் இருக்குது" என்று முடித்திருக்கிறார்.

"ரிசீடிங்கா? எத்தன நாளா?"

"ரெண்டு மூணு வருஷமாவே இருக்குதுங்க."

"டாக்டருகிட்டக் காமிச்சாங்களா?"

"காமிச்சு என்னங்க பண்றது? அவங்கப்பாவுக்கும் இதேதான்."

தாய்மாமன் அட்டையைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் தரகர் என் அம்மாவுக்குப் போன் செய்து, உங்கள் பையனுக்கு ஏதோ ரிசீடிங் என்று வியாதியாமே, பரம்பரை வியாதியாமே என்று கேட்டார். அம்மா வெள்ளந்தி. "அவங்கப்பாருக்கும் கடைசி காலத்துல என்னென்னமோ இருந்துச்சுங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். என் நெற்றியிலிருந்து முடி கொஞ்சம் பின்வாங்கியதற்கு ஒரு குடும்பமே பின்வாங்கிவிட்டது.

மறுநாள் ஆபீசில் நான் கத்திய கத்தலில் கோழிகள் தீனி எடுக்கவில்லை. டிக்ளைனார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பொய் சொல்லச் சொல்றியா சாமி?" என்றார்.

"பொய் சொல்ல வேண்டாம், நல்லத மட்டும் சொன்னாப் போதும்ணா."

"பொண்ணப் பெத்தவன் கேக்கறப்ப பாதிய மறைக்கக் கூடாது. என்ற பொண்ணக் குடுக்கறப்ப நான் எத்தன பேரக் கேட்டேன் தெரியுமா? ஒருத்தன் மறைச்சான். இன்னிக்கு வரைக்கும் அவன் மொகத்துல முழிக்கிறதில்ல."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் மருமகன் எப்படிப்பட்டவர் என்பது எங்களுக்குத் தெரியும். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நல்லதைத் தமிழில் சொல்வார், மற்றதை இங்கிலீஷில்தான் சொல்வார், ஆனால் வியாதி மாதிரி ஒலிக்காத வார்த்தையாகப் பார்த்துச் சொல்வார்.

எட்டு மாதம் கழித்துக் கெங்கவல்லியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் அங்கே பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கவர்மென்ட் வேலை என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் அந்தப் பக்கம் வர வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அங்கேயே மக்காச்சோள மண்டி ஒன்றில் எனக்கு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். போட்டோவில் அந்தப் பெண் சிரிக்காமல் இருந்தார், கண் மட்டும் சிரித்தது. நான் அந்தப் போட்டோவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்த்தேன் என்பதைச் சொன்னால் இப்போது வீட்டில் மரியாதை போய்விடும். இது தட்டிப்போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அலுத்துப்போயிருந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் தரகர் போன் செய்தார். "பொண்ணோட அப்பா இன்னைக்கு உங்க ஆபீசுக்கு வாராரு. காட்டிக்காதீங்க."

"சரிங்க. அவரு என்ன பண்றாரு?"

"ரிட்டயர்டு வாத்தியாருங்க."

நல்லது, பண்பான மனிதர் என்று நினைத்தேன். "எந்தப் பாடமுங்க?"

"இங்கிலீஷ்."

எங்கள் ஒப்பந்தமே கேட்கிறவர்களுக்கு இங்கிலீஷ் புரியாது என்கிற தைரியத்தில் போட்டதுதான். டிக்ளைனாரை எப்படியாவது ஆபீசை விட்டுக் கிளப்பப் பார்த்தேன். ஆறாம் நம்பர் ஷெட்டில் கோழி மயங்கிக் கிடக்கிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் வந்து, "தூங்குது சாமி" என்றார். மறுபடி ஏதாவது பொய் யோசிப்பதற்குள் வாசலில் ஒரு குடை மடங்குகிற சத்தம். நான் பின்கட்டுக்கு ஓடி, தீவன மூட்டை அடுக்குக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு அட்டை முட்டை கெடைக்குங்களா?" வாத்தியார் குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

"கெடைக்கும்ங்க, உக்காருங்க" என்றார் டிக்ளைனார். "பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?"

வாத்தியார் சிரித்தார். "நர்சிங். என்னாங்க, அவ்ளோ அப்பட்டமாவா தெரியுது?"

"முட்டைக்கு யாருங்க குடையோட வருவாங்க? பையனப் பத்தி எதுனாலும் கேளுங்க. நல்லது எல்லாம் தமிழ்ல சொல்லிருவேன். மத்தத இங்கிலீஷ்ல சொல்லுவேன். அதுதான் என்ற பழக்கம்."

"ரெண்டும் நமக்குப் புரியும். தலைமுடி எப்படி? போட்டோவுல எண்ணெய் வச்சுப் படிய வாரியிருக்காரு."

"ரெண்டு பக்கமும் ரிசீடிங்ங்க."

"நடுவுல?"

"நடுவுல தின்னிங்."

"கரெக்டான பிரயோகம்" என்றார் வாத்தியார். பேப்பர் திருத்துகிற தொனி. எனக்கு மூட்டையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சம்பளம்?"

"வருஷா வருஷம் வளருதுங்க." எனக்கு மூச்சு வந்தது. "ஆனா விலைவாசியோட வச்சுப் பாத்தா ஷ்ரிங்கிங்." மறுபடி மூச்சு போனது.

"அது எல்லாருக்கும் அப்படித்தான். கோவம் வருமா?"

"முன்ன நெறைய வரும். இப்ப அபேட்டிங்."

"அபேட் காத்துக்கும் மழைக்கும்தானே சொல்றது?"

"இவன் கோவமும் காத்துதானுங்க. வீசும், நின்னுரும். ஒண்ணும் சாயாது."

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்?"

"சாயங்காலமானா பஜ்ஜிங்க. அது நல்லா தழைச்சு வளருது."

"அம்மா எப்படிங்க? மாமியாரு ஆகப் போறவங்க."

"தங்கமான மனுசிங்க. காது மட்டும் டிமினிஷிங். அதனால உங்க பொண்ணு என்ன பேசுனாலும் சண்டை வராதுங்க."

வாத்தியார் நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். பேச்சு என்னை விட்டு நகர்ந்துவிட்டது. நோட்டு மேஜைக்கு வந்தது. வாத்தியார் பக்கம் பக்கமாகப் புரட்டி, முப்பது வருஷம் பாடம் எடுத்த தனக்கே இத்தனை ஞாபகமில்லை என்றார். "அட்ரோஃபி இருக்குதா இதுல?" என்று கேட்டார்.

"அதென்னங்க அது?"

"உடம்புல ஒரு பாகத்த உபயோகப்படுத்தாமயே விட்டா ஆகறது."

"அட, நம்ம முதலாளி பையன் மூளைக்குச் சரியா இருக்குமே!" என்று டிக்ளைனார் பேனாவைத் தேடினார். வாத்தியார் அடுத்து எமேசியேட் என்றார். இவர் பதிலுக்கு டேப்பர் என்றார். அவர் வேன் என்றார், நிலா தேய்வதற்குச் சொல்வது என்று விளக்கம் வேறு. டீ ஒரு முறை வந்தது. மறுபடியும் வந்தது. உலகத்தில் தேய்ந்து போகிற அத்தனையையும் இரண்டு பெரிய மனிதர்கள் குதூகலமாகப் பேசிக்கொண்டிருக்க, கல்யாணம் ஆக வேண்டிய நான் மூட்டைக்குப் பின்னால் கால் மரத்து, எறும்பு கடித்து, தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. அம்மா இல்லாம வளந்தவ. தலைமுடி, சம்பளம் இதெல்லாம் நான் சும்மா கேட்டது. கேக்க வந்தது ஒண்ணுதான். அந்தப் பையன நாங்க அங்க கூட்டிக்கிட்டுப் போறோம். அவரு இங்கேர்ந்து போயிட்டா, இங்க என்னா ஆவும்?"

ஒன்றும் ஆகாது, வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அங்கே செய்தது பெரிய வேலை இல்லை.

டிக்ளைனார் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. முன்னால் இருந்து பின்னால், பின்னால் இருந்து முன்னால்.

வாத்தியார் உதவிக்கு வந்தார். "டிப்ளீஷன்னு சொல்லலாமா?"

"இல்லீங்க."

"லாஸ்?"

"அது முட்டைக்குச் சொல்றதுங்க."

"பிரெஃப்ட்னு ஒரு வார்த்தை இருக்குது. ரொம்ப வேண்டியவங்க போனா சொல்றது."

"வேண்டாங்க" என்றார். நோட்டு மூடுகிற சத்தம்.

"கொறஞ்சு போயிரும்ங்க."

வாசலில் முட்டைக் கூடையோடு வந்த அக்காக்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குஞ்சம்மாக்கா வாயில் கையை வைத்துக்கொண்டதை மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த மனிதரின் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

"ஆபீசு கொறஞ்சு போயிரும். எனக்கு ரொம்பக் கொறஞ்சு போயிரும்ங்க. ஒன்பது வருஷமா எதிர்ல உக்காந்து நான் சொல்ற கிறுக்குத்தனத்த எல்லாம் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். கோவிச்சுக்குவான், மறு நாளு வந்து டீ வாங்கிக் குடுப்பான். இருந்தாலும் நீங்க கூட்டிட்டுப் போங்க. பொண்ணு நல்லா இருக்கும்."

நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம். மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற நாற்காலி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். எதிர் நாற்காலியில் எனக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தது தெரியவே இல்லை.

வாத்தியார் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போதுங்க எனக்கு. தேதி குறிக்கலாம்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "மாப்பிள்ள, கால் மரத்துப் போயிருக்கும், வெளிய வாங்க" என்றார். முப்பது வருஷம் வகுப்பு எடுத்தவருக்கு, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவனைத் தெரியாமல் போகுமா? முகமெல்லாம் தவிட்டோடு போய் நின்றேன். என் மாமனார் என்னை முதன்முதலாகப் பார்த்த கோலம் அதுதான்.

அவர் போனதும் டிக்ளைனார் ஒரேயடியாகக் கலவரப்பட்டுவிட்டார். லட்சுமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆபீசு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார், என் மேஜை மேலிருந்த பில் புத்தகம் உட்பட. மறுநாள் விடிவதற்குள் வந்து ஆறு ஷெட்டையும் அவரே சுற்றினார். கோழிகளுக்கு விஷயமே தெரியவில்லை, வழக்கம்போல முட்டை போட்டிருந்தன. "பாத்தீங்களாண்ணா, ஒண்ணுமே ஆகல. இனிமே தமிழ்லயே சொல்லலாம்" என்றேன். "அது உனக்காகச் சொன்னது சாமி. கோழிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிட்டு, போர்டில் டிக்ளைன் என்று எழுதப் போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து நான் கெங்கவல்லிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மண்டியில் வேலை, வாடகை வீடு, ஒரு பெண் குழந்தை. மாமனார் பக்கத்துத் தெருவில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு டிக்ளைனார் போன் செய்வார். முதலில் மாமனாரோடு பத்து நிமிடம் புதிய வார்த்தைகள். அப்புறம் என் மனைவியிடம், "அம்மிணி, தம்பிக்கு முடி எந்த அளவுல இருக்குது?" என்று ஒரு விசாரணை. பிறகுதான் என்னிடம் வருவார். வந்தால் பேச ஒன்றும் இருக்காது. நாலாம் நம்பர் ஷெட்டைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் உம் கொட்டுவேன்.

அந்த ஒரு மணி போன் அஞ்சு நிமிஷம் தள்ளிப் போனாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.